பதினெட்டு

நான் இருபது வருஷம் வேலை பார்த்த இடத்தில் மனிதன்தான் அழுக்கு. கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தும் அறை அது. 'கிளாஸ் 100' என்பார்கள். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூசித் துகள் நூறைத் தாண்டக் கூடாது. சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர்தான். அந்த இடத்தில் ஒரு தலைமுடி விழுந்தால் அது மலை. அதனால் உள்ளே போகிறவனை உச்சி முதல் கால் வரை வெள்ளை அங்கிக்குள் போட்டு மூடி, காற்றால் ஊதித்தான் அனுப்புவார்கள். கண் மட்டும் தெரியும். தோல் உதிரும், முடி கொட்டும், பேசினால் எச்சில் தெறிக்கும். ஆகவே மனிதர்களை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது அங்கே பாலபாடம். 2009-ல் என்னையும் குறைத்தார்கள்.

அப்போது எனக்கு 43 வயது. சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீடு, கடன் பாதிதான் தீர்ந்திருந்தது. மூத்தவளுக்கு அடுத்த வருஷம் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு. ஏழு மாதம் விண்ணப்பம் போட்டேன். டாக்சி ஓட்டலாமா, செக்யூரிட்டி வேலைக்குப் போகலாமா என்று மனைவியும் நானும் இரவில் பேசிக்கொள்வோம். பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாதென்று குசுகுசுவென்று பேசுவோம். ஆனால் வீவக சுவர் எல்லாவற்றையும் கேட்க வைக்கும். சமூக மன்றத்தில் நடந்த வேலைச் சந்தையில்தான் அந்தத் துண்டுப் பிரசுரம் கிடைத்தது. வேறு தொழிலில் இருந்தவர்கள் தாதிமைக்கு மாறலாம். மருத்துவமனை ஒன்று பொறுப்பேற்றுக்கொள்ளும், படிப்புக் கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகை, படித்து முடித்ததும் சில வருஷம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையை மற்றவர்கள் கட்டுப்பாடு என்று படித்திருப்பார்கள். ஆட்குறைப்புக் கடிதம் வாங்கியவன் கண்ணுக்கு அது உத்தரவாதமாகத் தெரிந்தது.

நேர்காணலில் ஏன் தாதியாக விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது பார்த்துக்கொண்டேன், அப்போதிருந்தே ஆசை என்றேன். அப்பாவைப் பார்த்துக்கொண்டது அம்மா. நான் பில் கட்டினேன். இதை இப்போது எழுத வெட்கமில்லை. என்னோடு அந்தத் திட்டத்தில் வந்த பலரும் இதே மாதிரி ஒரு கதையை வைத்திருந்தார்கள், பலருக்கு அந்தக் கதை பின்னாளில் உண்மையாகவும் ஆனது.

சொந்தக்காரர்களில் ஒருவர் நேராகவே கேட்டார்: "படிச்ச பிள்ளை, பீ அள்ளவா போற?" அம்மா வேறு மாதிரி. அவள் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போதாவது வருவார், தினமும் இருந்து மருந்து கொடுத்து, புண் கட்டி, ஊசி போட்டவர் 'டிரசர்'. தோட்டத்தில் கிராணி எனும் எழுத்தருக்கு அடுத்த மரியாதை டிரசர் ஐயாவுக்கு. "நம்ம வீட்ல ஒரு டிரசரு" என்று சொல்லி ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலில் அர்ச்சனை செய்து என் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டாள். முதல் செய்முறை வகுப்பிலேயே அதை அறுக்கச் சொன்னார்கள். முழங்கைக்குக் கீழே கடிகாரம், கயிறு, வளையல் எதுவும் கூடாது, கிருமி தங்கும். கயிறை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

எனக்கே ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. 2003-ல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். நோயாளிகளையெல்லாம் டான் டோக் செங் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களில் ஒரு மாலை, பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் தாதி உடுப்போடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவன் போல எழுந்து பின்னால் போய் நின்றேன். நான் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் ஒன்பது நிறுத்தம் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிப்போயிருக்கும்.

நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டு வருஷம். எங்கள் வகுப்பில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர், வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர், மீன் வியாபாரம் செய்தவர், துணைப்பாட ஆசிரியர் எல்லாரும் இருந்தோம். நடைபாதையில் போகும் பதினேழு வயதுப் பிள்ளைகள் எங்களை விரிவுரையாளர்கள் என்று நினைத்து வழிவிடுவார்கள். மருந்துக் கணக்கு எனக்கு எளிதாக வந்தது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லி, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பதெல்லாம் தொழிற்சாலைக்காரனுக்குப் பெரிய விஷயமில்லை. உடற்கூறுதான் படுத்தியது. இரவு பத்து மணிக்கு மகள் ஒரு பக்கம் அறிவியல் படிக்க, நான் மறுபக்கம் சிறுநீரகம் படிப்பேன். இருவருக்கும் சேர்த்து ஒரே மேசைவிளக்கு. அவள் எனக்கு முன்னால் படித்து முடித்துவிடுவாள்.

பயிற்சிக்கூடத்து பொம்மைக்கு ஊசி போட்டால் அது அசையாது. நாற்பது தாண்டியவர்களுக்கு அங்கே ஒரு அசட்டுத் தைரியம் வந்துவிடும். வார்டில் முதல் வாரத்திலேயே அது போனது.

'சி' வகுப்பு வார்டு. மின்விசிறி சுற்றும் பெரிய கூடம், வரிசையாகப் படுக்கைகள். காலை ஏழு மணிக்கு முந்தைய ஷிப்ட்காரர்கள் ஒவ்வொரு படுக்கையாக 'பாஸ் ரிப்போர்ட்' சொல்லி முடித்ததும், ஒரு தாதி என்னைக் கூப்பிட்டாள். என் வயதில் பாதி. "பெட் பதினொன்று, டயப்பர் மாற்றணும், வாங்க." எண்பது வயது சீனப் பெரியவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்கு நாற்றம் பெரிதாகத் தெரியவில்லை; என் பிள்ளைகளுக்குக் கழுவிவிட்டிருக்கிறேன். கஷ்டமாக இருந்தது அவர் முகம். சுவரில் எதுவுமில்லை, ஆனால் அவர் அதில் என்னவோ எழுதியிருப்பதைப் போலக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவரிடம் ஹொக்கியனில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். கை ஒரு வேலையைச் செய்ய, வாய் இன்னொரு வேலையைச் செய்தது. பிறகு கேட்டேன், என்ன பேசினாய் என்று. "நேற்று நாலு நம்பர் லாட்டரியில் என்ன எண் விழுந்தது என்று கேட்டேன்."

நான் அன்று முழுக்க வாயைத் திறக்காமல் கழுவினேன். சுத்தமாகத்தான் கழுவினேன். தொழிற்சாலையில் கழுவுகிற மாதிரி.

அதன் பிறகு மொழிகளைப் பொறுக்கிச் சேர்த்தேன். வலி என்றால் மலாய்க்காரர்களுக்கு 'சாக்கிட்', ஹொக்கியன் பாட்டிகளுக்கு 'தியா'. சாப்பிட்டாயிற்றா, சிறுநீர் வருகிறதா, மலம் போனதா என்பதையெல்லாம் நாலு மொழியில் கேட்கத் தெரியாதவன் சிங்கப்பூர் வார்டில் பிழைக்க முடியாது. தாதியை இங்கே எல்லாரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் பார்த்தால் முதலில் 'டாக்டர்' என்பார்கள். டாக்டரில்லை என்று சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டு 'மிஸ்ஸி' என்பார்கள். மீசை வைத்த மிஸ்ஸியாகவே பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. தமிழ்ப் பாட்டிகள் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை? எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் அப்பா வேலை பார்த்தார் என்பேன். அது போதாது. அதற்கும் முன்னால் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேள்வி இறங்கிக்கொண்டே போகும். எங்கே போய் நிற்கப் பார்க்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். "நான் கேகே ஆஸ்பத்திரியில பிறந்தேன் பாட்டி" என்று முடித்துவிடுவேன். பொய்யில்லை. 1966-ல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 39,000-க்கு மேல் குழந்தைகள் பிறந்தன. உலக சாதனைப் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. அதில் நானும் ஒருத்தன். அத்தனை பேருக்கும் ஒரே ஊர்.

இனி பதினெட்டு.

தாதி நாலு மணி நேரத்துக்கொரு முறை நோயாளியின் அளவுகளை எடுக்க வேண்டும். காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்சிஜன், மூச்சு, வலி. இவற்றில் நாலை இயந்திரம் சொல்லிவிடும். வலியை நோயாளி பத்துக்கு இத்தனை என்று சொல்வார். மூச்சை மட்டும் நாம்தான் எண்ண வேண்டும், முழுசாக ஒரு நிமிடம். அதுவும் அவருக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைத்து எண்ணுவது பழைய தாதிகளின் வழக்கம்.

ஒரு நிமிடம் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பத்துப் படுக்கை, ஒருவர் வாந்தி எடுக்கிறார், ஒருவர் டிரிப்பைப் பிடுங்கிவிட்டார், ஒருவருடைய மகன் போனில் கத்துகிறார். அந்த நேரத்தில் ஒரு நெஞ்சைப் பார்த்துக்கொண்டு அறுபது விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்பது நின்றவனுக்குத்தான் தெரியும். வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 12 என்று போட்டால் சந்தேகம் வரும். 20 என்றால் விளிம்பு. 18 யாரையும் உறுத்தாது. எனக்கு முன்னால் எழுதியிருந்தவர்களும் 18 போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். எப்போது ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. இரண்டாம் வருஷப் பயிற்சியின் நடுவில் என் தாளில் படுக்கை வரிசை முழுதுக்கும் பதினெட்டுதான்.

இடுப்பெலும்பு உடைந்து அறுவை முடிந்த ஒருவர். மூன்றாம் நாள் மாலை. மூக்கில் ஆக்சிஜன் குழாய் போய்க்கொண்டிருந்தது. விரல் கருவி 97 காட்டியது. ரத்த அழுத்தமும் பரவாயில்லை. நாடி கொஞ்சம் வேகம், வலியாக இருக்கும் என்று நினைத்தேன். 18 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். அன்று எனக்குப் பொறுப்பு ஒரு மலையாளப் பெண், 26 வயதிருக்கும். எதையோ எடுக்க அந்தப் பக்கம் போனவள் அவர் படுக்கையருகே நின்றுவிட்டாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் தூரத்திலிருந்து பார்க்கிறேன், அவள் நாடி பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. அசையாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சேட்டா, மூச்சு எண்ணியோ?" என்றாள்.

எண்ணினேன் என்றேன்.

"எத்தரை?"

பதினெட்டு என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நிங்ஙள் ஒண்ணு எண்ணு" என்று தள்ளி நின்றாள். எண்ணினேன். இருபத்தெட்டு. இன்னொரு முறை எண்ணினேன். இருபத்தெட்டு. அவள் அதற்குள் டாக்டருக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி என்று இரவில் ஸ்கேன் சொன்னது. வெளியிலிருந்து ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்ததால் விரல் கருவி நல்ல எண்ணைக் காட்டியிருக்கிறது. ஆனால் உடம்பு அந்த எண்ணுக்காக எவ்வளவு உழைக்கிறது என்பதை மூச்சு சொல்லிக்கொண்டிருந்தது. தீவிர கண்காணிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டார், இரண்டு வாரத்தில் வாக்கரைப் பிடித்து நடந்தார். என்னைப் பார்த்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

தொழிற்சாலையில் ஒரு இளைஞன் இருந்தான். தூசி எண்ணும் கருவியை ஓடவிடாமலேயே நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்கும் எழுதிவைத்துவிட்டான். எச்சரிக்கைக் கடிதம் எழுதியது நான். 'தரவைப் புனைவது திருட்டுக்குச் சமம்' என்று அதில் ஒரு வரி. அதை எழுதும்போது வார்த்தையை இரண்டு முறை மாற்றினேன், நன்றாக வரவேண்டும் என்று.

அந்த மலையாளப் பெண் என்மேல் புகார் எழுதவில்லை. நானாகத்தான் போய் வார்டு மேலாளரிடம் சொன்னேன். பெரிய நேர்மையால் இல்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில். மேலாளர் கேட்டுவிட்டு, நாளை முதல் இந்த வார்டில் எல்லாருடைய மூச்சையும் நீங்கள்தான் எண்ண வேண்டும் என்றார். ஒரு மாதம் எண்ணினேன். நடுவயதில் தொழில் மாறுகிறவர்களுக்கு 'முதிர்ச்சி' ஒரு மூலதனம் என்று எல்லா அதிகாரிகளும் மேடையில் சொல்வார்கள். என்னுடைய முதிர்ச்சி எனக்குக் கற்றுக்கொடுத்தது, எந்த எண்ணை எழுதினால் கேள்வி வராது என்பதைத்தான். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது, பாவம், உட்கார்ந்து எண்ணும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மற்றவர்களைவிட முன்பே தெரிந்திருந்தது. அதற்கும் என் வயதுக்கும் சம்பந்தமில்லை, என் தோலுக்குத்தான் சம்பந்தம். படுத்தபடியே கிடப்பவருக்குப் பிட்டத்தெலும்பு, குதிகால், இடுப்பு என்று எலும்பு அழுத்தும் இடத்தில் புண் வரும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்கவைப்பது அதற்காகத்தான். முதல் கட்டம் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காத சிவப்பு. பாடப்புத்தகத்தில் இருந்த படங்கள் எல்லாம் வெள்ளைத் தோல். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எங்கே தெரியும்? ஒரு தமிழ்ப் பெரியவர், சாலை போடும் வேலையில் காலமெல்லாம் வெயிலில் நின்றவர். மூன்று ஷிப்ட்காரர்கள் 'சிவப்பு இல்லை' என்று எழுதியிருந்தார்கள். யாரும் பொய் எழுதவில்லை, சிவப்பு இல்லைதான். துடைக்கும்போது என் புறங்கையில் சூடு தட்டியது. சுற்றியுள்ள தோலைவிட அந்த உள்ளங்கை அளவு இடம் சூடாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தது. நிறம் சிவக்கவில்லை, கறுப்புக்குள் இன்னொரு கறுப்பாக, லேசாக ஊதா ஏறியிருந்தது. சின்ன வயதில் முட்டியில் அடிபட்டால் எனக்கு அப்படித்தான் இருக்கும். "வலிக்குதாங்க ஐயா?" என்றேன். "அது ரெண்டு நாளா எரியுதுப்பா" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அந்தப் பிள்ளைங்க ஓடிக்கிட்டே இருக்குதுங்க" என்றார். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம், கையுறை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை புறங்கையை வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவருகிறேன். தோல் கிழிந்திருக்காத இடத்தில், கையைக் கழுவிவிட்டுத்தான்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: படிக்கும்போது கிடைத்தது பழைய சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. பழைய இடத்தைப் பிடிக்கப் பல வருஷம் ஆனது. இரவு ஷிப்ட் ஐம்பதுக்கு மேல் உடம்பில் ஒட்டாது. இடுப்புக்கு பெல்ட் போட்டிருக்கிறேன். தீபாவளியன்று வேலை செய்தது எட்டு முறை. மனைவி ஒரு முறைதான் சண்டை போட்டாள், அது தீபாவளிக்காக இல்லை, நான் வீட்டிலும் அவளைத் தூங்கவிடாமல் போர்வையை இழுத்து மருத்துவமனை மடிப்பு மடிக்கிறேன் என்பதற்காக.

2020 ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கொவிட் பரவியபோது தமிழ் தெரிந்தவர்கள் வேண்டுமென்றார்கள். போனேன். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள், ஓர் அறைக்கு பத்துப் பன்னிரண்டு பேர். விரல் கருவிகள் கொடுத்திருந்தார்கள். எனக்கு அந்தக் கருவிமேல் பழைய சந்தேகம். அதனால் ஒவ்வொருவரையும் ஊர் விலாசத்தை ஒரே மூச்சில் சொல்லச் சொல்வேன்: அப்பா பெயர், தெரு, கிராமம், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு. நடுவில் மூச்சு வாங்கினால் குறித்துக்கொள்வேன். ஒருவன் பின்கோடுக்குப் பிறகும் நிறுத்தாமல் ஊர்க் கோயில் திருவிழா எந்த மாதம் என்பதுவரை சொல்லிவிட்டுச் சிரித்தான். மூச்சை எண்ணினேன், இருபதுக்குள்தான். கருவி 86 காட்டியது. விரலை மாற்றினேன், கருவியை மாற்றினேன், என் விரலில் மாட்டிப் பார்த்தேன், எனக்கு 98. அவனுக்குத் திரும்பவும் 86. அந்த நோயில் அப்படியும் நடக்கும் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரியவந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "அண்ணே, நான் நல்லாத்தாண்ணே இருக்கேன், இதுக்குச் சம்பளம் பிடிப்பாங்களா?" என்று கேட்டான். நான் நம்பிய மூச்சு அன்று ஏமாற்றியது, நம்பாத கருவி அவனைக் காப்பாற்றியது. இப்போது இரண்டையும் பார்க்கிறேன். நேரம்தான் இன்னும் அதிகம் ஆகிறது.

போன மாதம் இரவு ஷிப்ட் முடிந்து ஈசூன் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பழைய தொழிற்சாலையில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி வேலை பார்த்தவர் எதிரே வந்து உட்கார்ந்தார். பல வருஷம் பக்கத்தில் இருந்தும் அவர் முழு முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. இப்போது அவர் முறை. 51 வயது. அந்தத் திட்டம் இன்னும் இருக்கிறதா, இந்த வயதில் எடுப்பார்களா, உதவித்தொகை எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். நேர்காணலில் ஏன் வருகிறீர்கள் என்று கேட்பார்கள், ஒரு காரணம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தலையாட்டினார். கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கழுவிவிடற வேலையெல்லாம் நாமதான் செய்யணுமா?" என்றார்.

"ஆமா. முதல் வாரமே."

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கையை உயர்த்தி, எனக்கும் சேர்த்து, இன்னொரு தே தாரேக் சொன்னார்.